ஆடைக்கு மணமகளா? மணமகளுக்கு ஆடையா?

புத்தளம் மாவட்டத்தில், கற்பிட்டித் தீபகற்பத்தின் மேலைக் கடலோரத்தே அமைந்த தலவில, புனித அன்னம்மாள் திருத்தலத்தாற் புகழ்பெற்றது. மார்ச் மாதத்திலும் ஆகஸ்ட் மாதத்திலும் நிகழும் திருவிழாக்களுக்குத் தமிழரும் சிங்களவரும் ஒருங்கே திரண்டு வருவர். மரியன்னையின் தாயாகிய அன்னம்மாள், தாய்மார்க்கு மட்டுமன்றித் தையற்பெண்டிர்க்கும் றேந்தை பின்னுவோர்க்கும் பாதுகாவலியாகப் போற்றப்படுகின்றார். ஆதலின், மணமகளின் ஆடையைப் பற்றி எண்ணத் தொடங்குவதற்கு இத்தலம் மிகப் பொருத்தமானதே.

ஈழத்துக் கத்தோலிக்கத் தமிழர் பலரது திருமணத்தில் இருவகை ஆடைகள் இடம்பெறுகின்றன. ஆலயத்தில் வெண்ணிறக் கவுனும் முகத்திரையும், பின்னர்க் கூறைச்சேலை. இவற்றுட் கூறை என்பது நம் பழஞ்சொல். மணநாளிற் புத்தாடை அணிதலும் பழவழக்கே. அகநானூற்றின் 86ஆம் பாட்டிலே மணமகள் புத்தாடையுள் ஒடுங்கிக் கிடக்கக் காண்கிறோம். மயிலாடுதுறையை அடுத்த கூறைநாடு, பட்டும் பருத்தியும் கலந்து நெய்த சேலைக்குப் பெயர்பெற்ற ஊராகும். வெண்கவுனோ பிற்காலத்தது. 1840ஆம் ஆண்டு பெப்ரவரி 10ஆம் நாள் விக்டோரியா அரசியார் வெண்பட்டும் றேந்தையும் அணிந்து மணம்புரிந்த பின்னரே அவ்வழக்கம் மேனாடுகளிற் பரவலாயிற்று. றேந்தை என்னுஞ் சொல்லும் போர்த்துக்கேயர் வழி நமக்கு வந்ததே.

இவ்விரண்டற்கும் உள்ள பெருவேறுபாடு நிறத்திலன்று, தையலில் உள்ளது. கூறை தைக்கப்படாத ஆடை. உடுத்துவோர் நெட்டையாயினும் குட்டையாயினும், மெலிந்தவராயினும் பருத்தவராயினும், அவர் உடலுக்குத் தக அது மடிந்து கொடுக்கும். கவுனோ முன்னரே வெட்டித் தைத்த வடிவினது. உடல் அதனுள் அடங்க வேண்டும். ஆகவே கவுனைத் தேர்வோர்க்கும், சேலையோடு சட்டை தைப்பிப்போர்க்கும் கவனம் மிகுதியும் வேண்டற்பாலது.

உயரங் குறைந்தவர்க்கு ஒடுங்கிய கரையும் சிறு பூவேலையும் உடைய சேலை நன்று. அகன்ற கரை உருவத்தை இரு கூறாகப் பிரித்துக் காட்டும். நெடியவர்க்கு அதுவே அழகு செய்யும். இடை அகன்றவர் விறைப்பான கனத்த பட்டை உடுப்பின், கொய்சகம் படியாது புடைத்து நிற்கும். மென்பட்டாயின் நேரே வழிந்து விழும். மெலிந்தவர்க்கோ அவ்விறைப்பே நிறைவைத் தரும். தோள் அகன்றவர் புடைத்த கையைத் தவிர்த்தல் வேண்டும். சட்டைக் கை எவ்விடத்தில் முடிகின்றதோ அவ்விடத்திற் கண் தங்கும். ஆதலால் மேற்கையின் பருத்த பகுதியில் அதனை முடித்தலாகாது.

கவுனில், இடைவரை பொருந்திப் பின் சிறிது சிறிதாக விரியும் வடிவம் பெரும்பாலார்க்கும் ஏற்கும். முழங்கால் வரை இறுகப் பிடிக்கும் வடிவம் நிற்கும்போது எழில் தருமேனும், பீடத்தின் முன் முழந்தாட்படியிடும் வேளையில் இடர் செய்யும். கடற்காற்று வீசும் முன்றிலில் நீண்ட முகத்திரையை ஊசியிட்டு நன்கு பிணித்தல் வேண்டும். வெப்பமான நெய்தல் நிலத்தில், உடலை ஒட்டும் உள்துணி பருத்தியாக இருத்தல் நலம்.

எனினும் இவை வழிகாட்டிகளே, கட்டளைகளல்ல. குறுக்குக் கோடுகள் உருவத்தைப் பருக்கச் செய்யும் என்பது பலரது நம்பிக்கை. ஆனால் செருமானிய அறிஞர் எல்ம்கோல்ற்சு, குறுக்குக் கோடிட்ட சதுரம் உயர்ந்து ஒடுங்கித் தோன்றுவதை 1867ஆம் ஆண்டளவிலேயே எடுத்துக்காட்டினார். இங்கிலாந்தின் யோர்க் பல்கலைக்கழகத்துப் பீற்றர் தொம்சன் 2011இல் வெளியிட்ட ஆய்வும் அந்நம்பிக்கைக்கு மாறாகவே அமைந்தது. ஆதலின் பிறர் வகுத்த விதியினும், பகல் ஒளியில் உடுத்து, நின்றும் இருந்தும் முழந்தாளிட்டும் நிலைக்கண்ணாடியிற் பார்ப்பதே தக்க சோதனையாகும்.

இவையனைத்தினும் முதன்மையான செய்தி ஒன்றுண்டு. படத்திற் கண்ட அயல்நாட்டு அழகியின் கவுனை முதலில் வாங்கிவிட்டு, அதனுள் நுழைவதற்காகப் பல கிழமைகள் பட்டினி கிடக்கும் பெண்களும் நம்மிடையே உளர். உற்றார் சிலர், "இன்னுங் கொஞ்சம் மெலிந்தால் நன்று" எனக் கூறி அவ்வருத்தத்தை வளர்ப்பர். மணநாளன்று பசியாலும் நெடுநேரம் நிற்பதாலும் தலைசுற்றி வாடிய முகத்துக்கு எந்தப் பட்டு அழகு செய்யும்? மகளிர் உடல் மணத்துக்கு முந்திய நாட்களிற் சிறிது கூடுதலும் குறைதலும் இயல்பு. இதனை அறிந்த தையற்காரி, பக்கத் தையலின் உள்மடிப்பில் இரண்டு விரலளவு துணி விட்டுத் தைப்பாள். வேண்டுமாயின் பிரித்துத் தளர்த்தலாம். வேண்டாவிடின் உள்ளே கிடக்கும். இறுதி அளவை மணத்துக்கு ஒரு கிழமை முன் பார்த்தல் போதும்.

தளர்த்தற்கும் இறுக்குதற்கும் உரியது துணியே. ஆதலால் மகளிர்க்கு மணவாடை எடுக்கச் செல்லும் பெற்றோர், கடைக்காரர் விரிக்கும் பட்டை நோக்குமுன், உடுத்தப்போகும் மகளின் முகத்தை நோக்குவாராக. எதனை உடுத்தபோது அவள் தோள் நிமிர்ந்து, மூச்சுத் தடையின்றிச் சிரிக்கின்றாளோ, அதுவே அவளுக்குரிய ஆடை.