காலியாகத் தோன்றும் கட்டங்கள்

எக்செல் போன்ற விரிதாள்களில், ‘செல்’ எனப்படும் கட்டம் காலியாக இருப்பதும் அதில் பூஜ்யம் இருப்பதும் ஒன்றல்ல. 5 பாடங்களைக் கொண்ட மதிப்பெண் பட்டியலில், பூஜ்யம் மாணவர் தேர்வெழுதிப் பெற்றதைக் குறிக்க, காலிக் கட்டமோ மதிப்பெண் இன்னும் ஏறவில்லை என்பதைக் குறிக்கிறது. 4 பாடங்களில் 80 பெற்றவரின் ஐந்தாவது கட்டம் காலியாக இருந்தால், சராசரி காணும் ‘ஆவரேஜ்’ அதை ஒதுக்கிவிட்டு 80 என்றும், அங்கே பூஜ்யம் இருந்தால் 64 என்றும் விடை தரும். ஆகவே, கணக்கிடும் முன் எல்லாக் கட்டங்களும் நிரம்பியுள்ளனவா என்று சோதிப்பது இன்றியமையாதது.

ஒரே கட்டத்தைச் சோதிக்க ‘ஐஎஸ்பிளாங்க்’ என்ற சார்பு, அதாவது மென்பொருளிலேயே அமைந்துள்ள ஆயத்தக் கணக்கு, போதும். பல கட்டங்களுக்கு அதையே அடுக்கிக்கொண்டு போவதைவிட, காலிக் கட்டங்களை எண்ணித் தரும் ‘கவுண்ட்பிளாங்க்’ கைகொடுக்கும்: =இஃப்(கவுண்ட்பிளாங்க்(பி2:எஃப்2)=0, சம்(பி2:எஃப்2), "நிரம்பவில்லை") என்ற வாய்பாடு, பி2 முதல் எஃப்2 வரையிலான ஐந்தும் நிரம்பினால் மட்டுமே மொத்தத்தைக் காட்டும். கவுண்ட்பிளாங்க் தரும் எண்ணிக்கை 5 என்று வந்தால் வரிசை முழுவதும் காலி. இடைப்பட்ட எண் வந்தால் பாதியில் நிற்கிறது என்று பொருள்.

சிக்கல் தொடங்குவது, காலியாகத் தோன்றினாலும் காலியல்லாத கட்டங்களில்தான். ஒரு கட்டத்தில் உள்ள வாய்பாடு, இரட்டை மேற்கோள் குறிகளுக்கிடையே ஒன்றுமில்லாத வெற்றுச் சரத்தை விடையாகத் தந்தால், கண்ணுக்கு அங்கே எதுவும் தெரியாது. ஆனால் ஐஎஸ்பிளாங்க் அதைக் காலி என்று ஏற்பதில்லை, கவுண்ட்பிளாங்க் ஏற்கிறது. நிரம்பியவற்றை எண்ணும் ‘கவுண்ட்ஏ’வோ அதை நிரம்பியதாகவே கொள்கிறது. இதனால் அத்தகைய கட்டம் ஒன்றும் எண்கள் நான்கும் உள்ள வரிசையில், கவுண்ட்ஏ 5 என்றும் கவுண்ட்பிளாங்க் 1 என்றும் சொல்ல, 5 கட்டங்களுக்கு 6 என்று கணக்கு வருகிறது. இது மென்பொருளின் பிழையன்று; இரண்டு சார்புகளும் ‘காலி’ என்ற சொல்லுக்குக் கொள்ளும் பொருளே வேறு.

கைதவறி விழுந்த ஓர் இடைவெளி இதைவிடத் தொல்லையானது, ஏனெனில் அதை இம்மூன்றுமே நிரம்பியதாகக் கொள்கின்றன. அப்போது, ஓரங்களிலுள்ள இடைவெளிகளை நீக்கும் ‘டிரிம்’, எழுத்துகளை எண்ணும் ‘லென்’, விடைகளைக் கூட்டித் தரும் ‘சம்புராடக்ட்’ ஆகியவற்றைச் சேர்த்து, =சம்புராடக்ட்(--(லென்(டிரிம்(பி2:எஃப்2))=0)) என்று எழுதினால், மெய்யாகக் காலியானவை, வெற்றுச் சரம், இடைவெளி மட்டும் உள்ளவை ஆகிய எல்லாம் ஒருசேர எண்ணப்படும்.

எனினும் எந்த வாய்பாட்டாலும், தேர்வுக்கு வராதவரையும் மதிப்பெண் ஏற்றப்படாதவரையும் காலிக் கட்டத்தைக் கொண்டு பிரித்தறிய இயலாது. பட்டியல் தயாரிப்போர், வராதவருக்கு ‘ஆப்சென்ட்’ என்று எழுத்தால் குறித்துவிட வேண்டும்.