மூன்று நாள் நோட்டீஸ் வருமுன்: வளர்ந்த சிறு ரக நாயை வீட்டுக்குப் பழக்குவது எப்படி?

ஜார்ஜ்டவுன்: அடுக்குமாடி வீடுகளில் நாய் வளர்ப்பவர்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டிய விதி ஒன்று உண்டு. மற்ற குடியிருப்பாளர்களுக்குத் தொல்லை தரும் அல்லது அவர்களின் சுகாதாரத்துக்குக் கேடு விளைவிக்கும் பிராணியை வீட்டிலோ பொது இடத்திலோ வைத்திருக்கக் கூடாது என்கின்றன 2015-ஆம் ஆண்டின் ஸ்ட்ராத்தா நிர்வாக விதிமுறைகள். மீறினால், நிர்வாகத்தின் எழுத்துப்பூர்வ நோட்டீஸ் கிடைத்த மூன்று நாட்களுக்குள் அந்தப் பிராணியை அப்புறப்படுத்த வேண்டும்.

பால்கனியிலிருந்து வழியும் சிறுநீர், லிஃப்ட் மூலையில் ஈரம், நடைபாதையில் நாற்றம். அண்டை வீட்டாரின் பொறுமையைச் சோதிப்பவை பெரும்பாலும் இவைதான். ஆனால், வளர்ந்த நாயைப் பழக்கச் சில வாரங்கள் ஆகும். நோட்டீஸ் வந்த பிறகு தொடங்கினால் நேரம் போதாது.

தோட்டப்புற வீடுகளில் இந்தச் சிக்கல் அதிகம் எழுந்ததில்லை. நாய் வாசலில் படுக்கும். தேவைப்பட்டால் செம்பனைக் காட்டுப் பக்கம் போய் வரும். இன்று அதே குடும்பங்களின் பிள்ளைகள் அடுக்குமாடியில் ஷீட்ஸு, பொமரேனியன், சிவாவா, மால்டீஸ் என வளர்க்கிறார்கள். கதவு எப்போதும் மூடியிருக்கிறது. அந்த நாய்க்குப் போக்கிடம் மொசைக் தரையும் கால்மிதியும்தான்.

பழிவாங்கும் செயல் அல்ல

"திட்டினேன், அதனால்தான் மெத்தையில் போய்விட்டது" என்று சொல்வோர் உண்டு. நாய் அப்படிக் கணக்குப் பார்ப்பதில்லை. காரணங்கள் எளிமையானவை.

சிறு ரக நாயின் சிறுநீர்ப்பை சிறியது. பெரிய நாயைவிட அடிக்கடி போக வேண்டியிருக்கும். அது விடும் சிறுநீரும் கொஞ்சம் என்பதால் வீட்டார் துடைத்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவார்கள். பழக்கம் அப்படியே வேரூன்றிவிடும். எந்தத் தரையில் போய்ப் பழகியதோ அதையே நாய் தேடும். பேப்பரில் பழகிய நாய்க்குத் தரையில் கிடக்கும் நாளிதழும், உறிஞ்சும் விரிப்பில் பழகிய நாய்க்குக் குளியலறைக் கால்மிதியும் ஒன்றுதான். இனப்பெருக்கக் கூண்டிலேயே காலம் கழித்த நாய், படுக்கும் இடத்திலேயே போகப் பழகியிருக்கும். அதற்குக் கூடுதல் பொறுமை தேவை.

முதலில் மருத்துவர்

ஒழுங்காக இருந்த நாய் திடீரென வீட்டுக்குள் போகத் தொடங்கினால் கால்நடை மருத்துவரிடம் காட்டுவதே முதல் வேலை. சிறுநீர்த் தொற்று, சிறுநீர்ப்பைக் கல், நீரிழிவு, சிறுநீரகக் கோளாறு ஆகியவை காரணமாக இருக்கலாம். ஷீட்ஸு, மினியேச்சர் ஷ்னாவ்ஸர் போன்ற ரகங்களில் கல் வருவது சகஜம். கருத்தடை செய்த பெண் நாய்களில் சிலவற்றுக்குத் தூக்கத்தில் தானாகவே கசியும். அதற்கு மருந்து உண்டு. வயதான நாய்க்கு மறதியும் வரலாம். நோயைப் பழக்கத்தால் மாற்ற முடியாது.

சுவரிலும் நாற்காலிக் காலிலும் சில சொட்டுகள் மட்டும் விடும் ஆண் நாய், தன் எல்லையைக் குறிக்கிறது. கருத்தடை செய்தால் பல நாய்களில் இது குறையும்.

ஒரே இடம், ஒரே நேரம்

மருத்துவக் காரணம் இல்லை என்றால் புதுக் குட்டிக்குச் செய்வதைப் போலவே முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

* இடத்தை முடிவு செய்யுங்கள். தரை வீட்டில் வெளிப்புறப் புல் அல்லது கால்வாய் ஓரம்; அடுக்குமாடியில் துணி காயும் இடத்தில் செயற்கைப் புல் தட்டு. இடத்தை மாற்றிக்கொண்டே இருக்கக் கூடாது.

* தூங்கி எழுந்ததும், சாப்பிட்டுக் கால் மணி முதல் அரை மணி நேரத்துக்குள், விளையாடியதும், இரவு படுக்குமுன் அங்கே கொண்டு செல்லுங்கள். தொடக்கத்தில் பகலில் மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறையாவது வேண்டும்.

* கயிற்றில் பிடித்து ஐந்து நிமிடம் பேசாமல் நில்லுங்கள். போகவில்லையா? உள்ளே வந்து பக்கத்திலேயே வைத்திருந்து, பத்துப் பதினைந்து நிமிடத்தில் மீண்டும் கூட்டிச் செல்லுங்கள்.

* போய் முடித்த அடுத்த சில விநாடிகளில், அதே இடத்தில், ஒரு துண்டு வேகவைத்த கோழி கொடுங்கள். வீட்டுக்குள் வந்தபின் கொடுத்தால் எதற்குக் கிடைத்தது என்று நாய்க்குப் புரியாது.

* கண்காணிக்க முடியாத நேரத்தில் வீடு முழுக்கச் சுற்ற விடாதீர்கள். நின்று திரும்பிப் படுக்க இடமுள்ள கூண்டோ தடுப்போ போதும். வேலைக்குப் போய் எட்டு மணி நேரம் அடைத்து வைப்பது தீர்வல்ல. நடுவில் யாராவது வந்து வெளியே விட வேண்டும்.

* தண்ணீரைக் குறைக்காதீர்கள். பினாங்கு வெயிலில் அது ஆபத்து.

மாலை மழை பிடித்துக்கொண்டால் சிறிய நாய்கள் வெளியே கால் வைக்க மறுக்கும். குடையோடு கூட நிற்பது, அல்லது கூரையுள்ள ஓரிடத்தை முதலிலேயே பழக்கி வைப்பது நல்லது. உச்சி வெயிலில் தார்ச்சாலை பாதத்தைச் சுடும். விடியலும் பொழுது சாய்ந்த பிறகும் ஏற்ற நேரம்.

பினாயில் போதாது

பினாயில் ஊற்றினால் நமக்கு வாடை போய்விடும். நாயின் மூக்குக்குப் போகாது. வாடை இருக்கும் இடத்துக்கே அது திரும்பி வரும். செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கும் என்ஸைம் கலந்த துப்புரவுத் திரவமே ஏற்றது. அம்மோனியா கலந்தவை சிறுநீர் வாடையையே நினைவூட்டும். பிளீச்சைச் சிறுநீரின்மேல் நேராக ஊற்றினால் நச்சு வாயு கிளம்பும்; செய்யவே கூடாது.

அடித்தால் என்ன ஆகும்?

மூக்கைச் சிறுநீரில் தேய்ப்பதும் அடிப்பதும் நாய்க்கு ஒன்றைத்தான் கற்றுத் தரும்: வீட்டார் கண்ணில் படாமல் கட்டிலுக்கடியில் போக வேண்டும் என்று. பயந்த நாய் நம்மைக் கண்டதுமே சிறுநீர் விடுவதும் உண்டு. சட்டமும் இதில் கடுமையானது. 2015-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டத்தின்படி, விலங்கைக் கொடூரமாக அடிப்பதற்கு 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதம், மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

ஜாலான் ஜெட்டி ஜெலுத்தோங்கில் உள்ள எஸ்பிசிஏ போன்ற காப்பகத்திலிருந்து வளர்ந்த நாயைத் தத்தெடுப்பவர்களும் இதே முறையைப் பின்பற்றலாம். முன்பு பழகிய நாய்கூட புது வீட்டில் முதல் சில நாள் தடுமாறும். அதை வைத்து "இது திருந்தாது" என்று திருப்பி அனுப்பிவிட வேண்டாம்.

நான்கு முதல் ஆறு வாரம் முறை தவறாமல் செய்தால் பெரும்பாலான நாய்களிடம் மாற்றம் தெரியும். எப்போது, எங்கே போனது என்று காலண்டரில் குறித்து வந்தால் முன்னேற்றமும் புரியும். புகார் வந்தால் நிர்வாகத்திடம் காட்டவும் உதவும். நாய் உரிமத்தையும் தடுப்பூசி அட்டையையும் அதோடு சேர்த்து வைத்திருங்கள். வெளியே போகும்போது கையில் ஒரு பையும் ஒரு போத்தல் தண்ணீரும் இருக்கட்டும். பக்கத்து வீட்டு வாசலை நனைக்காத நாயைப் பற்றி யாரும் புகார் எழுதப் போவதில்லை.