மாநிறத்துக்கு எந்தச் சிவப்பு?

திருவனந்தபுரம் சாலை பஜாரில் வளையல், பொட்டு, பவுடர் விற்கும் கடைகளில் இன்று லிப்ஸ்டிக் என்னும் உதட்டுச் சாயத்துக்கென்றே தனி அலமாரி இருக்கிறது. "சிவப்பு கொடுங்கள்" என்று கேட்டால் போதாது. எந்தச் சிவப்பு என்று கடைக்காரர் திருப்பிக் கேட்பார். செங்கல், பவழம், ரோஜா, நாவல், துரு, சாக்லேட் என்று ஒரே சிவப்புக்குள் இருபது முப்பது சாயல்கள் வரிசையாக நிற்கின்றன. அவற்றில் ஒன்றை ஆசையோடு வாங்கிப்போய், வீட்டுக் கண்ணாடியில் பார்த்ததும் முகம் சாம்பல் பூத்ததுபோல் தெரிய, பெட்டியின் மூலையில் போட்டுவிட்ட சகோதரிகள் நம்மில் பலர்.

ஒரு நல்ல குச்சியின் விலை வீட்டின் ஒரு வாரப் பால் செலவை விழுங்கிவிடும். மாதச் சம்பளக் குடும்பத்துக்கு இது சின்ன நஷ்டம் அல்ல. அதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. "என் நிறத்துக்கு எதுவுமே ஒட்டாது" என்ற எண்ணம் மனத்தில் குடியேறிவிடுவதுதான் அது. உண்மையில் குறை நிறத்தில் இல்லை. தேர்ந்தெடுத்த விதத்தில்தான் இருக்கிறது. மாநிறத்துக்குப் பொருந்தும் சிவப்புகள் ஏராளம். எதைப் பார்த்து எடுக்க வேண்டும் என்று தெரிந்தால் போதும்.

மாமை என்ற அழகு

வெள்ளைத் தோலை நாம் "சிவப்பு" என்கிறோம். மலையாளிகள் "வெளுப்பு" என்கிறார்கள். நமது மாநிறத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் "இருநிறம்". பெயர் எதுவானாலும் கல்யாணப் பேச்சு வரும்போது இரண்டு வீடுகளிலும் குரல் சற்றுத் தாழ்ந்துவிடுகிறது.

ஆனால் பழந்தமிழ்ப் புலவர்களுக்கு அந்தத் தயக்கம் இருந்ததில்லை. மாந்தளிரின் நிறத்தை ஒத்த மேனியை அவர்கள் "மாமை" என்று புகழ்ந்தார்கள். தலைவனைப் பிரிந்த தலைவி எதை இழந்து வருந்துகிறாள்? அந்த மாமையைத்தான். அதன் இடத்தில் வந்து படரும் வெளிறிய நிறத்துக்குப் பசலை என்று பெயர். அதாவது, வெளுப்பது அன்று நோயின் அடையாளம். மாநிறமே நலத்தின் அடையாளம்.

உதட்டுக்கு அவர்கள் சொன்ன உவமைகளையும் கவனியுங்கள். பழுத்த கோவைப் பழம், பவழம், முருக்கம்பூ, மாதுளம்பூ. இவை எல்லாமே கொஞ்சம் ஆரஞ்சு கலந்த, வெதுவெதுப்பான சிவப்புகள். மாந்தளிர் மேனிக்கு எந்தச் சிவப்பு சேரும் என்று கண்ணால் கண்டு சொன்னவர்கள் அவர்கள். இன்றைய அழகுக் கலைஞர்கள் மாநிறத்துக்குச் சொல்லும் ஆலோசனையும் ஏறக்குறைய இதுவேதான்.

நம் பாட்டிமார் கடையில் எதுவும் வாங்கவில்லை. வெற்றிலையும் பாக்கும் சுண்ணாம்பும் சேர்ந்தபோது வாயில் ஊறிய சிவப்பே அவர்களுடைய உதட்டுச் சாயம். பாக்கிலுள்ள துவர்ப்புச் சத்து சுண்ணாம்பின் காரத்தோடு சேரும்போது பிறக்கும் செங்கல் சிவப்பு அது. அழகுக்காக மறுபடியும் அந்தப் பழக்கத்துக்குப் போகவேண்டாம். பாக்கு மெல்லுவது வாய்ப்புற்றுக்கு வழி என்பது இன்று உறுதியாகிவிட்டது. அந்த நிறத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

உங்கள் நிறத்தின் உள்சாயல்

ஒரே அளவு கறுப்புள்ள இரண்டு பெண்களில் ஒருத்திக்குப் பொருந்தும் சாயம் மற்றவளுக்குப் பொருந்தாமல் போவதுண்டு. தோலுக்கு மேல்நிறம் தவிர உள்சாயல் என்று ஒன்று இருப்பதே காரணம். சிலருக்கு அது மஞ்சளாக, பொன்னாக இருக்கும். சிலருக்கு ரோஜாவாக, நீலமாக இருக்கும். இரண்டுக்கும் நடுவே இருப்பவர்களும் உண்டு. மாநிறத்தவர்களில் பலருக்கு மஞ்சள் சாயல்தான்.

மணிக்கட்டு நரம்பு பச்சையாகத் தெரிந்தால் மஞ்சள் சாயல், நீலமாகத் தெரிந்தால் மற்றது என்று சொல்வார்கள். நிறம் அடர்ந்த தோலில் நரம்பே சரியாகத் தெரியாது என்பதால் இந்தச் சோதனையை முழுக்க நம்ப முடியாது. அதைவிட எளிய வழி ஒன்று இந்த ஊரிலேயே இருக்கிறது. பகல் வெளிச்சத்தில், சலவை செய்த பளீர் வெள்ளைத் துணி ஒன்றைக் கழுத்தருகே பிடித்துப் பாருங்கள். பிறகு, ஓணத்துக்குக் கட்டும் கசவுப் புடவையின் சந்தன வெள்ளையையும் சரிகையையும் அதே இடத்தில் பிடித்துப் பாருங்கள். பளீர் வெள்ளையில் முகம் மங்கி, கசவில் முகம் தெளிந்தால் உங்களுடையது மஞ்சள் சாயல் என்று பெரும்பாலும் முடிவு செய்யலாம். வெள்ளி நகையைவிடத் தங்கம் எடுப்பாகத் தெரிவதும் இதே அடையாளம்தான்.

எதை எடுக்கலாம், எதை விடலாம்?

மஞ்சள் சாயலுள்ள மாநிறத்துக்குக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கக்கூடிய நிறம் செங்கல் சிவப்பு. ஆபீஸுக்கும் ஆகும், கல்யாணத்துக்கும் ஆகும். புதுப் பூந்தொட்டியின் மண்நிறம், இலவங்கப்பட்டை நிறம், துரு நிறம், செம்பு கலந்த பழுப்பு ஆகியவை அன்றாட வேலைக்கு ஏற்றவை. தூரத்திலிருந்து பார்ப்பவருக்குச் சாயம் பூசியதே தெரியாது. முகம் மட்டும் துலங்கும். விசேஷ நாட்களுக்குத் தக்காளிச் சிவப்பு, அடர்ந்த பவழம், பழுப்பு கலந்த திராட்சைச் சிவப்பு ஆகியவற்றைத் துணிந்து எடுக்கலாம். நிறம் கூடுதலாகக் கறுத்தவர்களுக்கு அடர்ந்த சிவப்புகள் இன்னும் எடுப்பாக இருக்கும். "கறுப்பாக இருப்பவள் பளிச்சென்று பூசக்கூடாது" என்பது எந்த ஆதாரமும் இல்லாத பேச்சு.

தள்ளி நிற்க வேண்டியவை வெளிறிய இளஞ்சிவப்பு, ஊதா கலந்த இளநிறங்கள், தோல்நிறம் என்ற பெயரில் வரும் வெளுத்த சந்தன நிறங்கள். இளம் நிறம் வருவதற்காக இவற்றில் டைட்டானியம் டை ஆக்ஸைடு என்ற வெள்ளைத் தூளைச் சேர்க்கிறார்கள். வெள்ளைக்காரர் உதட்டில் அது மென்மையாகத் தெரியலாம். நமது உதட்டிலோ, செம்மண் சுவரில் சுண்ணாம்பு அடித்ததுபோல் தனியே நிற்கும். முகம் சாம்பல் பூத்துத் தெரிவது இதனால்தான். தோல்நிறச் சாயம்தான் வேண்டும் என்றால் உங்கள் உதட்டைவிட ஒரு படி அடர்ந்த காரமெல், பழுப்பு வகையைக் கேளுங்கள்.

இன்னொன்று, நம்மில் பலருக்கு மேலுதடு கறுத்தும் கீழுதடு சற்றுச் சிவந்தும் இருக்கும். மெல்லிய சாயத்தை ஒரே தடவை பூசினால் இரண்டு உதடும் இரண்டு நிறமாகத் தெரியும். முதலில் மெல்லப் பூசி, காகிதத்தில் ஒற்றி எடுத்துவிட்டு, மறுபடி ஒரு தடவை பூசினால் நிறம் சமமாகும். மினுமினுப்பில்லாத "மேட்" வகை நீண்ட நேரம் நிற்கும். ஆனால் உதட்டை உலர்த்தும். இரவில் ஒரு துளி தேங்காய் எண்ணெய் தடவிப் படுத்தால் போதும்.

கடை விளக்கை நம்பாதீர்கள்

கோட்டைப் பகுதியில் 1970இல் டி. அப்புக்குட்டன் நாயர் தொடங்கிய மார்கி என்ற அமைப்பு கதகளியைப் பேணி வருகிறது. கதகளியின் பச்சை வேஷத்தில் முகம் முழுவதும் பச்சை. உதடு மட்டும் ரத்தச் சிவப்பு. பெண் பாத்திரங்களுக்கும் முனிவர்களுக்கும் உரிய மினுக்கு வேஷத்தில் மஞ்சளும் சிவப்பும் கலந்த பூச்சால் முகத்தை மாநிறமாக்கி, உதட்டைச் சிவப்பாக்குகிறார்கள். இவை எல்லாம் எண்ணெய் விளக்கின் மஞ்சள் ஒளிக்காக வகுத்த நிறங்கள். வேஷம் நிற்கும் ஒளி எது என்று தெரிந்துகொண்டே அந்தக் கலைஞர்கள் நிறத்தை முடிவு செய்தார்கள். ரயில்வேயிலும் இதே கதைதான். பகலில் காட்டும் சிவப்புக் கொடி இரவில் உதவாது. சிவப்பு விளக்கு வேண்டும்.

நாமோ கடையின் விளக்கில் நிறம் பார்த்துவிட்டு வெயிலில் பூசிக்கொள்கிறோம். வெள்ளை எல்.இ.டி. விளக்கில் நீலச் சாயல் அதிகம். அதில் ரோஜா நிறம் ஜொலிக்கும். செங்கல் சிவப்பு மங்கும். வெளியே வந்தால் நேர்மாறு. ஆகவே மாதிரிக்கு வைத்திருக்கும் குச்சியை விரல் நுனியில் தடவிக்கொண்டு கடை வாசலுக்கு வந்து பாருங்கள். புறங்கையைவிட விரல் நுனியின் நிறம்தான் உதட்டுக்கு நெருக்கமானது. பலர் தொட்ட மாதிரிக் குச்சியை நேரே உதட்டில் வைக்கவேண்டாம், நோய்த்தொற்று வரும். பத்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். சில சாயங்கள் காற்றுப் பட்டதும் நிறம் மாறிவிடும். "சேச்சிக்கு நல்லா சேரும்" என்று கடைப் பையன் எல்லோரிடமும் சொல்வான். பகல் வெளிச்சம் அப்படிச் சொல்லாது.

கொப்பரையில் தொடங்கிய கதை

நமது நிறத்துக்கு ஏற்ற சாயம் நம் நாட்டிலேயே கிடைப்பதற்குப் பின்னால் கேரளத்தோடு தொடர்புள்ள ஒரு கதை இருக்கிறது. டாடா ஆயில் மில்ஸ் கம்பெனி 1917இல் எர்ணாகுளத்தில் தேங்காய் எண்ணெய் எடுக்கத் தொடங்கப்பட்டது. டாடாபுரம் என்ற இடப்பெயர் அதிலிருந்து வந்ததுதான். சுதந்திரத்துக்குப் பிறகு, வெளிநாட்டு அழகுப் பொருள்களுக்காக அந்நியச் செலாவணி கரைவதைத் தடுக்க, நேருவின் விருப்பப்படி ஜே.ஆர்.டி. டாடா இந்தத் தொழிலில் இறங்கினார் என்பார்கள். 1952இல் இதே எண்ணெய்க் கம்பெனியின் கிளையாக லாக்மே பிறந்தது. லட்சுமி என்ற பெயரின் பிரெஞ்சு வடிவமே அந்தப் பெயர். சுவிட்சர்லாந்தில் பிறந்து டாடா குடும்பத்துக்கு மருமகளாக வந்த சிமோன் டாடா 1961இல் அதன் நிர்வாகத்துக்குள் வந்து, 1982இல் தலைவரானார். 1990களின் பிற்பகுதியில் லாக்மே, இந்துஸ்தான் லீவர் கம்பெனியின் கைக்குப் போயிற்று. இன்று பல உள்நாட்டுக் கம்பெனிகள் இந்தியத் தோலுக்கென்றே நிறங்களை வகுத்து விற்கின்றன.

நல்ல சரக்கு இருக்கும் இடத்தில் போலியும் இருக்கும். உதட்டுச் சாயத்தின் பெரும்பகுதி ஆமணக்கு எண்ணெயும் மெழுகும், மீதி வண்ணம். அந்த வண்ணப் பொருளில் ஈயம் 10 லட்சத்தில் 20 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். திருவிழாக் கடைகளில் பெயரில்லாமல் குவித்து விற்கும் குச்சிகளில் இதை யார் சோதித்தார்கள்? உதட்டில் பூசுவது சோற்றோடும் டீயோடும் வயிற்றுக்குள்தான் போகிறது. உறையில் தயாரிப்பாளரின் பெயரும் முகவரியும், லைசென்ஸ் எண், பேட்ச் எண், காலாவதித் தேதி ஆகியவையும் இருக்கின்றனவா என்று பாருங்கள். எரிச்சல், வெடிப்பு கண்டால் உடனே நிறுத்திவிடுங்கள். பத்துக் குச்சி போலியைவிட, நல்லதாக ஒன்று போதும்.

மறைக்க அல்ல, துலங்க

காலையில் நாகர்கோவில் பக்கத்திலிருந்து தம்பானூருக்கு வரும் வண்டிகளைப் பாருங்கள். குழித்துறை, பாறசாலை, நெய்யாற்றின்கரையில் ஏறிய எத்தனையோ பெண்கள் ஜவுளிக்கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஆபீஸுக்கும் விரைகிறார்கள். பலருக்கு ஒப்பனை ஆடம்பரம் அல்ல; வாடிக்கையாளர் முன்னால் நிற்கும் வேலையின் ஒரு பகுதி. அவர்களிடம் காலங்காலமாகச் சந்தை சொல்லிவந்தது ஒன்றே: முதலில் வெளுத்துக்கொள். 1975இல் வந்த ஃபேர் அண்ட் லவ்லி கிரீமின் பெயரிலேயே அந்தச் சேதி இருந்தது. 45 ஆண்டுகள் கழித்து, 2020இல்தான் "ஃபேர்" என்ற சொல்லைப் பெயரிலிருந்து எடுத்தார்கள்.

சொல் போனாலும் சிந்தனை போகவில்லை. கேரள அரசின் தலைமைச் செயலாளராக இருந்த சாரதா முரளீதரன் 2025 மார்ச்சில் பேஸ்புக்கில் எழுதியது பலருக்கு நினைவிருக்கும். தமக்கு முன் அதே நாற்காலியில் இருந்தவர் தம் கணவர் வி. வேணு. கணவரின் காலம் வெள்ளை, மனைவியின் காலம் கறுப்பு என்று ஒருவர் நிறத்தை வைத்து ஒப்பிட்டதை அவர் வெளிப்படையாகச் சொன்னார். நான்கு வயதில் தம் தாயிடம், தம்மை மறுபடி வயிற்றுக்குள் வைத்து வெள்ளையாக, அழகாகப் பெற்றுத் தர முடியுமா என்று கேட்டதையும் எழுதினார். கறுப்பில் அழகு இருப்பதைத் தமக்குக் காட்டியவர்கள் தம் பிள்ளைகளே என்றார். மாநிலத்தின் மிக உயர்ந்த அதிகாரிக்கே இந்தப் பேச்சு வருமென்றால், ஜவுளிக்கடை கவுன்ட்டரில் நிற்கும் பெண்ணின் நிலை சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே வீட்டில் பெண் குழந்தை உள்ளவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கடைக்குப் போகும்போது "இது உன்னைச் சிவப்பாகக் காட்டும்" என்று சொல்லாதீர்கள். "இது உன் நிறத்துக்குச் சேர்கிறது" என்று சொல்லுங்கள். சொல்லில் சிறிய வித்தியாசம்தான். கேட்கும் பிள்ளையின் மனத்தில் அது மிகப் பெரியது. பூசுவதும் பூசாததும் அவரவர் விருப்பம். பூசுவதென்று முடிவு செய்தால், செங்கல் சிவப்பில் தொடங்குங்கள், விரல் நுனியில் தடவிப் பாருங்கள், உறையைப் படியுங்கள், வெயிலில் நின்று முடிவு செய்யுங்கள். சாயம் முகத்தை மறைக்க வந்தது அல்ல, இருக்கும் நிறத்தைத் துலங்கச் செய்ய வந்தது.