ரீமிக்ஸ்: வேலை யாருடையது, கூலி யாருக்கு?

‘ரீமிக்ஸ்’ என்ற சொல் நம் வீடுகளில் சிறு சண்டையைக் கிளப்பும் சொல். நல்ல பாட்டைக் கெடுத்துவிட்டார்கள் என்பார்கள் பெரியவர்கள். இதுதான் கேட்க நன்றாக இருக்கிறது என்பார்கள் பிள்ளைகள். அந்த வேலை எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் இரு தரப்புக்கும் நல்லது. எனக்கு ராக ஞானம் கிடையாது. ரயில்வேயில் இஞ்சினீயராக இருந்தவன். எதையும் கழற்றிப் பார்த்தால்தான் புரியும். கழற்றிப் பார்க்க ஒரு அமெரிக்க இசைத்தொகுப்பை எடுத்துக்கொள்கிறேன்.

நியூயார்க் நகரின் குவீன்ஸ் பகுதியில் உருவான ஹிப்ஹாப் குழு ‘எ டிரைப் கால்டு குவெஸ்ட்’. தாளத்தின் மேல் வசனம்போல் பாட்டைச் சொல்வது ஹிப்ஹாப். இவர்களுடைய முதல் தொகுப்பு 1990-லும் இரண்டாவது 1991-லும் வந்தன. அவற்றிலிருந்த பாடல்களை மாற்றி அமைத்து, 1992-ல் ‘ரிவைஸ்டு குவெஸ்ட் ஃபார் தி சீசன்டு டிராவலர்’ என்று வெளியிட்டார்கள். பழகிய பயணிக்காகத் திருத்தப்பட்ட தேடல் என்று பொருள் கொள்ளலாம்.

மாற்றி அமைப்பது எப்படி? ஒலிப்பதிவுக் கூடத்தில் குரல், ட்ரம்ஸ், பாஸ் கித்தார் எல்லாம் தனித்தனித் தடங்களில் பதிவாகும். அன்றைய இரண்டு அங்குல நாடாவில் 24 தடங்கள் இருக்கும். அவற்றை அளவு பார்த்துச் சேர்த்து, இடது, வலது என இரண்டே தடங்களாக இறக்குவது மிக்ஸிங். அதே மூலத் தடங்களை எடுத்து வேறுவிதமாகச் சேர்ப்பது ரீமிக்ஸ். யார்டில் ஒரு ரேக்கைப் பிரித்து, சில பெட்டிகளை விட்டு, சிலவற்றைப் புதிதாகக் கோத்து, வேறு எஞ்சின் மாட்டி அனுப்புவது போலத்தான்.

இந்த வித்தையை வளர்த்தவர்களில் முக்கியமானவர் ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில் இருந்த கிங் டப்பி. அவர் பாடகர் அல்லர். ஆம்ப்ளிஃபையர், ரேடியோ பழுதுபார்ப்பவர். 1970-களில் பாட்டின் குரலைக் குறைத்து, பாஸையும் ட்ரம்ஸையும் முன்னே கொண்டுவந்து, எதிரொலி சேர்த்து ‘டப்’ என்ற இசை வகையையே வளர்த்தார்.

நம் தொகுப்பிலும் இப்படி ஒரு வேலை உண்டு. கலிஃபோர்னியாவின் எல் செகுண்டோ என்ற ஊரில் பர்ஸை மறந்துவிட்டு வந்தவனின் கதையைச் சொல்லும் பாட்டை மாற்றி அமைத்தவர் இங்கிலாந்தின் நார்மன் குக். பிற்காலத்தில் ‘ஃபேட்பாய் ஸ்லிம்’ என்ற பெயரில் பெரும் புகழ் பெற்றவர் இவரே.

ரீமிக்ஸ் வேறு, ‘சாம்பிள்’ வேறு. பிறர் இசைத்தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்துத் தன் பாட்டில் பொருத்துவது சாம்பிள். கூலிப் பிரச்சினை இங்கேதான் பெரிதாக எழுகிறது. இக்குழுவின் புகழ்பெற்ற ‘கேன் ஐ கிக் இட்?’ பாட்டு, லூ ரீட் 1972-ல் வெளியிட்ட ‘வாக் ஆன் தி வைல்டு சைடு’ பாட்டின் பாஸ் இசைமேல் நிற்கிறது. அதற்காக உரிமைத்தொகை லூ ரீடுக்குப் போயிற்று. அந்தப் பாட்டில் தங்களுக்குக் காசே வரவில்லை என்று குழுவைச் சேர்ந்த ஃபைஃப் டாக் பின்னாளில் சொன்னார். அவர் 2016-ல் காலமானார்.

இன்னும் ஒரு படி கீழே பாருங்கள். அந்த பாஸை வாசித்தவர் ஹெர்பி ஃபிளவர்ஸ் என்ற ஆங்கிலேயர். ஒரே பாட்டில் இரண்டு வாத்தியங்கள் வாசித்ததால் அவருக்கு இரட்டைக் கூலி, அவ்வளவுதான். உலகமே முணுமுணுத்த அந்த பாஸ் இசைக்கு அவர் பெற்றது அன்றைய சம்பளம் மட்டுமே.

1991-ல் நியூயார்க் நீதிமன்றம் ஒன்று, பிஸ் மார்க்கி என்ற ஹிப்ஹாப் கலைஞர் அனுமதி பெறாமல் எடுத்த சாம்பிளுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அதன் பின் இசைக் கம்பெனிகள் முன்கூட்டியே அனுமதி வாங்குவதில் கண்டிப்பாயின.

நம் சினிமாவில் ரீமிக்ஸ் என்று சொல்வது பெரும்பாலும் புதிய வாத்தியங்களோடு மறுபடி பாடிப் பதிவு செய்வது. 1970-ல் ‘சொர்க்கம்’ படத்தில் வந்த ‘பொன்மகள் வந்தாள்’ பாட்டு, 2007-ல் ‘அழகிய தமிழ்மகன்’ படத்தில் வந்தது ஓர் உதாரணம்.

ஆகவே, அடுத்த முறை வீட்டில் சண்டை வந்தால், கெட்டதா நன்றாயிருக்கிறதா என்பதோடு நிறுத்தாமல் மூன்று கேள்விகளையும் கேளுங்கள். மூலத்தை ஆக்கியவர் பெயர் போட்டிருக்கிறதா? அனுமதி பெற்றார்களா? வாசித்தவனுக்கு என்ன கிடைத்தது? ரசனை தலைமுறைக்குத் தலைமுறை மாறும். உழைத்தவனுக்கு உரியதைக் கொடுக்கவேண்டும் என்பதில் தாத்தாவும் பேரனும் ஒரே கட்சியில் இருக்கலாம்.