அம்பாள் பொடியும் ஆண்டாள் பொடியும்: டிரேட் மார்க்கு மனு போடுவது எப்படி?

அம்பாள் என்பது ஒரு மூக்குப்பொடி. ஆண்டாள் என்பது இன்னொரு மூக்குப்பொடி. இரண்டும் சென்னைச் சரக்கு.

அம்பாள் பொடிக்காரர்கள் தங்கள் பெயரை முன்பே டிரேட் மார்க்காக ரிஜிஸ்தர் செய்து வைத்திருந்தார்கள். ஆண்டாள் பொடிக்காரர் 1958-ல் தம் லேபிளை ரிஜிஸ்தர் செய்ய மனு போட்டார். "கூடாது" என்று அம்பாள்காரர்கள் ஆட்சேபித்தார்கள். வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. 1969-ல் தீர்ப்பு வந்தது.

ஆண்டாள் தரப்பு வாதம் லேசானது அல்ல. அம்பாள், சிவபெருமானின் தேவி. ஆண்டாள், திருமாலை மணந்த ஸ்ரீவில்லிபுத்தூர் நாச்சியார். இருவரும் வேறு என்பது தென்னாட்டில் குழந்தைக்கும் தெரியும். லேபிளில் உள்ள படமும் வேறு. அப்படி இருக்க, யார் ஏமாறப் போகிறார்கள்?

கோர்ட்டு இதை ஏற்கவில்லை. பொடி வாங்குகிறவர்கள் இந்துக்கள் மட்டும் அல்ல. முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் வாங்குகிறார்கள். இந்துக்களிலும் எல்லோரும் தெய்வங்களை நன்கு அறிந்தவர்கள் அல்ல. அம்பாள், ஆண்டாள் என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். காதுக்கு இரண்டும் ஒன்று போலவே கேட்கின்றன. கண்ணால் பார்த்தால் மட்டும் போதாது, காதாலும் கேட்டுப் பார்க்க வேண்டும் என்றது கோர்ட்டு. ஆண்டாளுக்கு ரிஜிஸ்தர் கிடைக்கவில்லை.

மனு போட்டதற்கும் கடைசித் தீர்ப்புக்கும் இடையே 11 ஆண்டுகள்!

வீட்டில் ஊறுகாய் போட்டு, பாட்டிலில் அடைத்து, நாலு கடைக்கு அனுப்பும் குடும்பத்துக்கு இந்தக் கதை எதற்கு என்று கேட்கலாம். பெயர் பிரபலமாகும் வரை யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். பிரபலமான பிறகுதான் வம்பு வரும். அப்போது உங்களைக் காப்பாற்றப் போவது, நீங்கள் என்றோ நிரப்பிக் கொடுத்த மனுதான்.

இது வேறு, அது வேறு

"எங்களிடம் ஜி.எஸ்.டி. நம்பர் இருக்கிறது, உணவு லைசென்சு இருக்கிறது, பெயர் எங்களுடையதுதானே?" என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. அவை தொழில் நடத்தவும் வரி கட்டவும் உள்ளவை. பெயருக்கு உரிமை தருவது டிரேட் மார்க்குப் பதிவு. இன்றைய சட்டம் 1999-ல் இயற்றப்பட்டு, 2003 செப்டம்பர் 15-ந் தேதி அமலுக்கு வந்தது. மனு விதிகள் 2017-ல் புதிதாக எழுதப்பட்டன. தமிழ்நாடு, புதுச்சேரி, கேரளம், கர்நாடகம், ஆந்திரம், தெலுங்கானா ஆகியவற்றுக்கு ஆபீசு சென்னை கிண்டியில் இருக்கிறது. நேரிலும் மனு கொடுக்கலாம். வீட்டில் இருந்தபடி இன்டர்நெட் மூலமும் அனுப்பலாம்.

அதற்கு முன் ஒரு வேலை. அதே பெயரோ, அதைப் போல ஒலிக்கும் பெயரோ ஏற்கனவே இருக்கிறதா என்று அந்த ஆபீசின் இணையதளத்தில் தேடிப் பாருங்கள். காசு கிடையாது. லேபிளை ஆயிரக்கணக்கில் அச்சடித்த பிறகு தேடுவதில் பயன் இல்லை.

சில பெயர்களைத் தேடவே வேண்டாம். "சுத்தமான நெய்" என்பதை யாரும் தம் சொத்து ஆக்கிக்கொள்ள முடியாது. அது சரக்கின் குணம். வெறும் ஊர்ப் பெயரும் அப்படியே. காந்தியடிகளின் பெயரும் படமும் தடை செய்யப்பட்டவை. ஊதுபத்திக்கு "ராமாயணம்" என்ற பெயரை ஒருவர் கேட்டார். புனித நூலின் பெயர் ஒருவருக்கே சொந்தம் ஆகாது என்று 2015-ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது.

யார் பெயரில்?

மனுவில் முதல் கேள்வி, மார்க்கின் சொந்தக்காரர் யார் என்பது. பார்த்தால் சுலபமான கேள்வி. குடும்பங்கள் இடறி விழுவது இங்கேதான்.

தகப்பனார் தொடங்கிய வியாபாரம். மூத்த மகன் கணக்குப் பார்க்கிறான். இளையவன் ஊர் ஊராகச் சரக்குக் கொண்டு போகிறான். கொஞ்சம் இங்கிலீஷ் தெரிந்த மூத்தவன், தன் பெயரிலேயே மனுவை நிரப்பி விடுகிறான். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. பத்து வருடம் கழித்துப் பாகப்பிரிவினை வரும்போது, அந்த ஒரு வரி பெரிய சண்டையாக எழுந்து நிற்கும்.

தகப்பனார் தனி ஆளாக நடத்தினால் அவர் பெயரைப் போட வேண்டும். கூட்டு வியாபாரம் என்றால் பங்காளிகள் எல்லோருடைய பெயரும் வர வேண்டும். கம்பெனி என்றால் கம்பெனியின் பெயர். மார்க்கும் நிலம், வீடு போல ஒரு சொத்துதான். அதை விற்கலாம். எழுதிக் கொடுக்கலாம். வாரிசுக்கும் போகும். மனை வாங்கும்போது பத்திரத்தில் யார் பெயர் என்று எத்தனை தடவை பேசுகிறோம்! இதற்கும் குடும்பத்தோடு உட்கார்ந்து ஒரு மாலைப்பொழுது பேசலாம்.

எப்போது முதல்?

அடுத்த கேள்வி, இந்தப் பெயரை எந்தத் தேதியில் இருந்து உபயோகிக்கிறீர்கள் என்பது. இன்னும் தொடங்கவில்லை என்றால், "இனி உபயோகிக்க உத்தேசம்" என்று எழுதலாம். ஏற்கனவே விற்கிறீர்கள் என்றால் தேதியைச் சொல்ல வேண்டும். வாய்ச்சொல் போதாது. பிரமாணப் பத்திரமும், அதோடு ஆதாரங்களும் வேண்டும்.

ஆதாரம் என்றால் என்ன? பெயர் போட்ட பழைய பில், லேபிள் அடித்த அச்சகத்தின் ரசீது, தேதியோடு வந்த விளம்பரம். தீபாவளிக்கு வீட்டைச் சுத்தம் செய்யும்போது இவற்றைத்தான் முதலில் பழைய பேப்பர்க்காரரிடம் போடுகிறோம்! ஒருவர் ரிஜிஸ்தர் செய்திருந்தாலும், அவருக்கு முன்பிருந்தே அந்தப் பெயரை விடாமல் உபயோகித்து வருகிறவரைத் தடுக்க அவரால் முடியாது. சட்டம் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் முன்பிருந்து விற்றதை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். முதல் பில் புத்தகத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டுங்கள்.

எந்த வகுப்பு?

உலகத்துச் சரக்குகளையும் சேவைகளையும் 45 வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஊறுகாய் 29-ம் வகுப்பு. மசாலாப் பொடி, காப்பி, தேயிலை எல்லாம் 30. துணிமணி 25. ஓட்டல் 43. மூக்குப்பொடியும் தீப்பெட்டியும் 34-ல் ஒன்றாகக் குடியிருக்கின்றன.

ஊறுகாயும் மசாலாவும் விற்கிற வீடு இரண்டு வகுப்புக்கும் பணம் கட்ட வேண்டும். தனி ஆளுக்கும் சிறு தொழிலுக்கும் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய், இன்டர்நெட்டில் அனுப்பினால். நேரில் கொடுத்தால் 5,000. மற்றவர்களுக்கு 9,000, 10,000. சிறு தொழில் என்ற சலுகைக்குச் சர்டிபிகேட்டு காட்ட வேண்டும். சரக்குகளின் பட்டியலை யோசித்து எழுதுங்கள். மனு கொடுத்த பிறகு புதுச் சரக்கை அதில் நுழைக்க முடியாது. மார்க்கின் உருவத்தையும் பெரிதாக மாற்ற விட மாட்டார்கள்.

மார்க்கின் படம் தெளிவாக இருக்க வேண்டும். 8 சென்டிமீட்டருக்கு 8 சென்டிமீட்டர் சதுரத்துக்கு மேல் போகக் கூடாது. பெயர் தமிழில் இருந்தால் இன்னொரு வேலை உண்டு. "தாமரை" என்று எழுதினால், அதன் உச்சரிப்பை இங்கிலீஷ் எழுத்திலோ இந்தி எழுத்திலோ எழுதி, அர்த்தத்தையும் சொல்ல வேண்டும். கிண்டியில் உள்ள ஆபீசுக்குத் தாமரை என்றால் என்ன என்று விளக்குவது வேடிக்கைதான். ஆனாலும் விதி அது.

வக்கீலோ ஏஜெண்டோ மனு போட்டால், அவருக்கு அதிகாரம் கொடுக்கும் பத்திரத்தையும் இணைக்க வேண்டும்.

மனு போட்ட பிறகு

மனுவில் கொடுக்கும் ஈ-மெயில் விலாசம் முக்கியம். பக்கத்து இன்டர்நெட் கடைக்காரரின் விலாசத்தைக் கொடுத்தால் கடிதம் அவருக்குத்தான் போகும். அதிகாரி மனுவைப் பரிசீலித்து ஆட்சேபம் எழுப்பினால், அந்தக் கடிதம் கிடைத்த ஒரு மாதத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். பதில் சொல்லாவிட்டால், மனுவைக் கைவிட்டதாகக் கருதி விடலாம். கட்டிய பணமும் திரும்பாது.

பிறகு மார்க்கு, ஆபீசின் பத்திரிகையில் வெளியாகும். அன்று முதல் 4 மாதத்துக்குள் யார் வேண்டுமானாலும் எதிர்க்கலாம். அம்பாள், ஆண்டாள் சண்டை போன்றவை கிளம்புவது இந்தக் கட்டத்தில்தான். எதிர்ப்பு நோட்டீசு கிடைத்தால் 2 மாதத்துக்குள் பதில் மனு கொடுக்க வேண்டும். ஒரு நாள் தவறினாலும் மனு போயிற்று.

எதிர்ப்பு இல்லாவிட்டால் சர்டிபிகேட்டு வரும். அதுவரை வட்டத்துக்குள் "ஆர்" என்ற இங்கிலீஷ் எழுத்தை லேபிளில் போடக் கூடாது. போட்டால் அபராதம் கட்ட நேரும். "டி.எம்." என்று போட்டுக்கொள்ளலாம்.

பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் 10 ஆண்டுக்கு ஒரு முறை பணம் கட்டிப் புதுப்பிக்கலாம். தவணை தவறினால் 6 மாதம் வரை, கூடுதல் பணத்தோடு ஏற்றுக்கொள்வார்கள். 10 ஆண்டுகளைச் சர்டிபிகேட்டு கைக்கு வந்த நாளில் இருந்து எண்ணாதீர்கள். மனு கொடுத்த நாளில் இருந்து எண்ண வேண்டும்.