நீங்கள் எத்தனை வாட்?

சென்ற ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. சிந்தாதிரிப்பேட்டையில் எங்கள் தெருவில் வசிக்கும் பிளஸ் ஒன் மாணவன் ஒருவன் தன் சைக்கிளை வாசலில் சாய்த்துவிட்டு வியர்வை வழிய உள்ளே வந்தான். சைக்கிள் போட்டிக்காகப் பயிற்சி செய்கிறவன். ஞாயிறுதோறும் விடியற்காலையில் ஒரு குழுவினருடன் கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காடு வரை போய்த் திரும்புவது அவன் வழக்கம்.

“சார், எனக்கு ஸ்டாமினாவே இல்லை. போகும்போது மணிக்கு 30 கிலோமீட்டர் சுலபமாக வருகிறது. திரும்பும்போது 25ஐத் தாண்ட முடியவில்லை. பவர் மீட்டர் வாங்கினால்தான் முன்னேறலாம் என்கிறார்கள். அப்பா கடன் வாங்கியாவது வாங்கித் தருகிறேன் என்கிறார். எதை வாங்கலாம், நீங்கள் சொல்லுங்கள்” என்றான்.

எடையைக் குறைப்பதற்காக ஒரு மாதமாக இரவுச் சாப்பாட்டை விட்டுவிட்டான் என்பதையும் பேச்சுவாக்கில் சொன்னான். அப்போதுதான் இதை உட்கார்ந்து பேசவேண்டிய விஷயம் என்று எனக்குத் தோன்றியது. அன்று அவனிடம் சொன்னதையே இங்கே உங்களுக்கும் சொல்கிறேன்.

வேகம் சொல்லாத கதை

மாணவ நண்பர்களே, சைக்கிள் ஓட்டுபவர் செய்யும் வேலை எதில் செலவாகிறது? சமதரையில் இரண்டு எதிரிகள்தாம் முக்கியமானவை. ஒன்று, டயருக்கும் சாலைக்கும் இடையேயான உருளும் உராய்வு. மற்றொன்று, காற்றின் தடை. உருளும் உராய்வு விசை வேகத்தைப் பொறுத்து அதிகம் மாறுவதில்லை. காற்றுத் தடையோ வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது. இங்கே வேகம் என்பது சாலையைப் பொறுத்த வேகமன்று; காற்றைப் பொறுத்த வேகம்.

திறன் என்பது ஒரு விநாடியில் செய்யப்படும் வேலை. திறன் = விசை × வேகம் என்று நீங்கள் படித்திருக்கிறீர்கள். இதை வைத்துக் கணக்கிடுவோம். ஓட்டுபவரும் சைக்கிளும் சேர்ந்து 75 கிலோகிராம் என்று வைத்துக்கொள்வோம். நல்ல சாலையில் உருளும் உராய்வு சுமார் 4.4 நியூட்டன். காற்றுத் தடை விசை, காற்றைப் பொறுத்த வேகத்தின் இருமடியை 0.24 ஆல் பெருக்கினால் கிடைக்கும். காற்றின் அடர்த்தி, ஓட்டுபவரின் உடற்பரப்பு, அவர் குனிந்திருக்கும் விதம் ஆகியவை இந்த எண்ணில் அடக்கம்.

காற்றே வீசாத நாளில் மணிக்கு 30 கிலோமீட்டர், அதாவது விநாடிக்கு 8.33 மீட்டர் வேகத்தில் செல்ல எவ்வளவு திறன் வேண்டும்? காற்றுக்கு 139 வாட், உராய்வுக்கு 37 வாட்; மொத்தம் 176 வாட்.

இப்போது மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசட்டும். அது பின்னாலிருந்து தள்ளினால் அதே 30 கிலோமீட்டர் வேகத்திற்கு 99 வாட் போதும். எதிரே வந்தாலோ 284 வாட் தேவை! வேகமானி மூன்று வேளையும் 30 என்றே காட்டும். கால்களுக்குத்தான் வித்தியாசம் தெரியும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். போகும்போது பின்காற்று, வரும்போது எதிர்காற்று என்றால் இரண்டும் சரிக்குச் சரியாகிவிடும் என்று நாம் நினைக்கிறோம். 99க்கும் 284க்கும் சராசரி எடுங்கள். சுமார் 192 வாட் வருகிறது. காற்றில்லாத நாளின் 176ஐவிட இது அதிகம். காற்று கொடுப்பதைவிட எடுத்துக்கொள்வதே அதிகம்!

ஜனவரியில் சென்னைக் கடற்கரையில் வடகிழக்கிலிருந்து காற்று வீசுவது வழக்கம். முட்டுக்காடு இருப்பதோ தெற்கே. ஆகவே நம் மாணவன் போகும்போது காற்று அவன் முதுகைத் தள்ளியது; திரும்பும்போது மார்பில் மோதியது. 10 கிலோமீட்டர் வேக எதிர்காற்றில் மணிக்கு 25 கிலோமீட்டர் செல்ல வேண்டிய திறனைக் கணக்கிட்டால் 188 வாட் வருகிறது. அதாவது சுலபமாக 30இல் போனபோது அவன் செலவிட்டது 99 வாட். ‘ஸ்டாமினா இல்லாமல்’ 25இல் திரும்பியபோது 188 வாட். எந்தப் பகுதியைத் தன் பலவீனம் என்று நினைத்து வருந்தினானோ, அந்தப் பகுதியில்தான் அவன் ஏறக்குறைய இரண்டு மடங்கு திறனுடன் உழைத்திருக்கிறான்!

உழைப்பை வேகத்தால் அளக்கக்கூடாது என்பது இதிலிருந்து விளங்கும். நாடித்துடிப்பால் அளக்கலாமா? ஓரளவு அளக்கலாம். ஆனால் நாம் வேகமாக மிதிக்கத் தொடங்கிச் சிறிது நேரம் கழித்துத்தான் இதயத் துடிப்பு ஏறுகிறது. மேலும் மே மாத வெயில், தூக்கக் குறைவு, உடலில் நீர் குறைதல் ஆகியவற்றாலும் அது கூடிவிடும். திறனை நேரடியாக அளக்கும் கருவி வேண்டும் என்ற எண்ணம் எழுந்தது இதனால்தான்.

இரும்பு நீளுமா?

ஜெர்மனியைச் சேர்ந்த உல்ரிக் ஷோபரர் 1986இல் பயிற்சிக்கு ஏற்ற ஒரு பவர் மீட்டரை உருவாக்கினார். அதன் தத்துவம் உங்கள் பள்ளி ஆய்வகத்திலேயே இருக்கிறது.

பெடலை மிதிக்கும்போது கிராங்க் எனப்படும் அந்த உலோகக் கை மிக மிகச் சிறிதளவு வளைகிறது. கண்ணுக்குத் தெரியாது. அதன் மேற்பரப்பில், நெளிநெளியாக அமைந்த மெல்லிய உலோகத் தகடு ஒன்று ஒட்டப்பட்டிருக்கும். இதற்குத் திரிபுமானி என்று பெயர். கிராங்க் வளையும்போது தகடும் நீளும். கம்பி நீண்டு மெலிந்தால் மின்தடை கூடும் என்பது உங்களுக்குத் தெரியும் அல்லவா?

எவ்வளவு கூடும்? ஒரு மீட்டர் கம்பி அரை மில்லிமீட்டர் நீள்வது போன்ற திரிபு என்று கொண்டால், 350 ஓம் தடையுள்ள திரிபுமானியில் மாற்றம் வெறும் 0.35 ஓம். இவ்வளவு சிறிய மாற்றத்தை அளக்க உதவுவது வீட்ஸ்டன் சமனச்சுற்று. 1833இல் சாமுவேல் ஹன்டர் கிறிஸ்டி கண்டறிந்து, 1843இல் சார்லஸ் வீட்ஸ்டன் பரவச் செய்த அதே சுற்றுத்தான். பிளஸ் டூ மாணவர்கள் மீட்டர் கம்பிமீது சாவியை நகர்த்திக் கால்வனாமீட்டரில் சுழியைத் தேடுகிறீர்களே, அதன் உடன்பிறப்பு இன்று சைக்கிள் கிராங்கில் சுற்றிக்கொண்டிருக்கிறது!

தடை மாற்றத்திலிருந்து திருப்பு விசை தெரிகிறது. கிராங்க் எவ்வளவு விரைவாகச் சுற்றுகிறது என்பதை மற்றோர் உணர்வி சொல்கிறது. இரண்டையும் பெருக்கினால் திறன். ஓர் உதாரணம்: 170 மில்லிமீட்டர் கிராங்க் ஒரு சுற்றில் பெடலை 1.07 மீட்டர் நகர்த்துகிறது. நிமிடத்திற்கு 60 சுற்று என்றால் பெடலின் வேகம் விநாடிக்கு 1.07 மீட்டர். சுற்றும் திசையில் சராசரி விசை 150 நியூட்டன் என்றால் திறன் சுமார் 160 வாட். பழைய சீலிங் ஃபேன் ஒன்று எடுத்துக்கொள்ளும் 75 வாட்டைப் போல இரண்டு மடங்குக்குச் சற்று அதிகம்.

எந்த மீட்டர்?

பெடலில், கிராங்கில், செயின் சக்கரத்தின் மையத்தில், பின்சக்கர ஹப்பில் என்று பல இடங்களில் இக்கருவியைப் பொருத்துகிறார்கள். பெடலில் இருப்பதை ஒரு சைக்கிளிலிருந்து கழற்றி மற்றொன்றில் எளிதாக மாட்டலாம். ஆனால் கீழே விழுந்தால் முதலில் அடிபடுவதும் அதுவே. ஹப்பில் இருப்பது, செயினில் வீணாகும் சிறு பகுதி கழிந்த பிறகு அளப்பதால் சில வாட் குறைவாகவே காட்டும்.

விலை குறைந்த மீட்டர்கள் இடது காலை மட்டும் அளந்து இரண்டால் பெருக்கிவிடும். மொத்தம் 200 வாட் தரும் ஒருவரின் இடது கால் 96, வலது கால் 104 என்றால் மீட்டர் 192 என்று காட்டும். இது பெருங்குற்றமா? இங்கேதான் இயற்பியலின் முக்கியமான பாடம் ஒன்று வருகிறது.

எங்கள் பேட்டையின் மீன் மார்க்கெட்டில் ஒரு தராசு இருப்பதாகக் கற்பனை செய்யுங்கள். அது எப்போதும் 50 கிராம் கூடுதலாகவே காட்டுகிறது. தெரிந்துகொண்டால் கழித்துக்கொள்ளலாம். இன்னொரு தராசு ஒரே மீனை ஒருமுறை 900 கிராம் என்றும் மறுமுறை 1,050 கிராம் என்றும் காட்டுகிறது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? முதல் தராசில் துல்லியத்தன்மை இல்லை. ஆனால் நுட்பம் இருக்கிறது. இரண்டாவதில் நுட்பமே இல்லை. பயிற்சியில் நாம் பார்ப்பது போன மாதத்து நம்மையும் இந்த மாதத்து நம்மையும். ஆகவே, ஒரே உழைப்புக்கு என்றும் ஒரே எண்ணைக் காட்டுவதே நல்ல மீட்டர். இடது கால் மீட்டரின் உண்மையான குறை, களைப்பு ஏற ஏறக் கால்களின் பங்கு மாறினால் அதற்கு அது தெரியாது என்பதே.

நல்ல மீட்டர்களில் பிழை 1 முதல் 2 சதவீதம் என்று குறிப்பிடுவார்கள். 200 வாட்டில் 2 சதவீதம் என்பது 4 வாட். ஆகவே “நேற்று 200, இன்று 203, முன்னேறிவிட்டேன்” என்று மகிழ்வதில் பொருளில்லை.

வெப்பநிலையையும் மறக்கக்கூடாது. நிழலில் இருந்த சைக்கிளை வெயிலில் நிறுத்தினால் உலோகம் விரியும், தடை மாறும். நான்கு திரிபுமானிகளைச் சமனச்சுற்றில் தக்கபடி அமைத்து இதைப் பெரும்பாலும் ஈடுசெய்கிறார்கள். இருந்தும், புறப்படுமுன் பெடல்மீது காலை வைக்காமல் மீட்டரைச் சுழிக்குக் கொண்டுவர வேண்டும். திருகு அளவியில் சுழிப்பிழை பார்ப்பது போலத்தான்.

கம்ப்யூட்டர் எப்படி இருக்க வேண்டும்?

ஹேண்டில்பாரில் மாட்டும் சைக்கிள் கம்ப்யூட்டர், மீட்டர் அனுப்பும் எண்ணை வானொலி அலை மூலம் பெற்றுக் காட்டுகிறது. இதற்கு ஆன்ட் பிளஸ், ப்ளூடூத் என்ற இரு முறைகள் உண்டு. மீட்டரின் மொழி கம்ப்யூட்டருக்குத் தெரியுமா என்று வாங்குமுன் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வேகத்தைச் செயற்கைக்கோள் மூலமும் அறியலாம். சக்கரச் சுற்றுகளை எண்ணியும் அறியலாம். மேம்பாலத்தின் அடியிலும் உயர்ந்த கட்டடங்களுக்கு இடையிலும் செயற்கைக்கோள் கணக்கு தடுமாறும். சக்கரம் தடுமாறாது, ஆனால் அதன் சுற்றளவைச் சரியாகத் தரவேண்டும். 2.1 மீட்டர் சுற்றளவுள்ள சக்கரம் விநாடிக்கு 4 முறை சுற்றினால் மணிக்கு 30.24 கிலோமீட்டர்.

நம் ஊருக்கு வேறு இரண்டு தேவைகள் உண்டு. ஒன்று, உச்சி வெயிலிலும் எண்கள் தெரிய வேண்டும். வெயிலைத் திருப்பியனுப்பி அந்த ஒளியிலேயே எழுத்தைக் காட்டும் திரை நல்லது. மற்றொன்று, ஐப்பசி மழைக்குத் தாங்க வேண்டும். திறன் நொடிக்கு நொடி துள்ளும். ஆதலால் 3 விநாடிச் சராசரியைக் காட்டுமாறு அமைத்துக்கொள்ளலாம். சிக்னலை நெருங்கும்போது மிதிக்காமல் உருண்டு செல்லும் நேரத்தில் திறன் சுழி. சராசரி எடுக்கும்போது அந்தச் சுழிகளையும் சேர்க்க வேண்டும். விட்டுவிட்டால் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வோம்.

இரவுச் சாப்பாடு

ஒருவரின் திறனை அவர் எடையால் வகுத்து, கிலோவுக்கு எத்தனை வாட் என்று பேசுவது சைக்கிள்காரர்களின் வழக்கம். மேடேறும்போது இது முக்கியம்தான். நம் மாணவன் இதைக் கேள்விப்பட்டு, மேலே உள்ள எண்ணைக் கூட்டுவதற்குப் பதிலாகக் கீழே உள்ளதைக் குறைக்கப் புறப்பட்டுவிட்டான்.

60 கிலோ எடையுள்ளவர் 180 வாட் தந்தால் கிலோவுக்கு 3 வாட். பட்டினி கிடந்து 57 கிலோ ஆனார். தசையும் கரைந்து திறன் 160 வாட்டாக இறங்கியது என்று கொள்வோம். இப்போது 2.8 வாட்தான்! சமதரையில் நிலைமை இன்னும் மோசம். அங்கே எதிரி காற்று. அது எடையைப் பார்ப்பதில்லை.

நம் உடலும் ஓர் எஞ்சினே. உணவின் ஆற்றலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான் பெடலுக்குப் போகிறது, மீதி வெப்பமாகிறது. 188 வாட் வீதம் ஒரு மணி நேரம் மிதித்தால் பெடலில் 677 கிலோஜூல். உடல் செலவிடுவது அதைப் போல நான்கு மடங்கு, அதாவது சுமார் 650 கிலோகலோரி. ஓர் இட்லிக்கு 50 கிலோகலோரி என்று வைத்துக்கொண்டால் 13 இட்லி! வளரும் வயதில் இது அன்றாட உணவுக்கு மேற்பட்ட தேவை. பவர் மீட்டரைச் சரியாகப் படித்தால் அது குறைத்துச் சாப்பிடச் சொல்லவில்லை. கூட்டிச் சாப்பிடச் சொல்கிறது.

வாங்கலாமா?

பவர் மீட்டரின் விலை பல பத்தாயிரம் ரூபாய். பயிற்சியாளரின் கண்காணிப்பில் போட்டிகளுக்கு முறையாகத் தயாராகிறவருக்கு அது பயன்படும். மற்றவர்களுக்குக் கடன் வாங்கி வாங்க வேண்டிய பொருளன்று. அது கால்களுக்கு வலிமை தராது; இருக்கும் வலிமையைச் சொல்லும், அவ்வளவுதான். ஒரே சாலையில், ஒரே நேரத்தில், காற்று அடங்கிய அதிகாலையில், ஒரே தூரத்தை மாதம் ஒருமுறை ஓட்டி நேரத்தைக் குறித்து வாருங்கள். ஒரு நோட்டுப் புத்தகம் போதும்.

நம் மாணவன் கணக்கைத் தானே மறுபடி போட்டுப் பார்த்தான். 188 என்ற எண்ணின் கீழே இரண்டு கோடு இழுத்தான். “அப்படியானால் நான் சோர்ந்து போகவில்லையா, சார்?” என்று கேட்டான். “காற்றைக் கேட்டுப் பார்” என்றேன். அன்று இரவு அவன் வீட்டில் சாப்பிட்டான் என்று அவன் அம்மா மறுநாள் சொன்னார்கள்.

செய்து பாருங்கள்

உங்கள் திறனை அளக்கப் பள்ளியின் மாடிப்படி போதும். ஒரு படியின் உயரத்தை அளந்து, படிகளின் எண்ணிக்கையால் பெருக்குங்கள். நண்பர் கடிகாரத்தைப் பார்க்க, கைப்பிடி ஓரமாக, படிகளைத் தாண்டாமல் விரைந்து ஏறுங்கள். திறன் = எடை (கிலோகிராமில்) × 9.8 × உயரம் ÷ நேரம். 50 கிலோ எடையுள்ளவர் 15 சென்டிமீட்டர் உயரமுள்ள 60 படிகளை 15 விநாடியில் ஏறினால் 294 வாட். அதே வேகத்தில் ஒரு மணி நேரம் ஏற முடியுமா? முடியாது என்றால் ஏன்? யோசித்து, விடையை உங்கள் ஆசிரியரிடம் சொல்லிப் பாருங்கள்.