ஐஸ் இயந்திரம் பதில் சொல்லவில்லையா? பணம் செலவழிக்கும் முன் ஐந்து சோதனைகள்



ஒரு வீட்டுக்குக் குளிர்சாதனப் பெட்டி வந்து இறங்கினால் அயலவர்கள் எல்லோரும் வந்து பார்த்துச் செல்லும் காலம் ஒன்றிருந்தது. அந்தப் பெட்டிக்குள் இருந்ததெல்லாம் ஒரு கம்ப்ரஸர், ஒரு தெர்மோஸ்டாட், ஒரு மின்குமிழ். பழுதென்றால் சத்தத்தை வைத்தே வீட்டுப் பெண்கள் கண்டுபிடித்து விடுவார்கள்.

இன்று கண்டியிலும், அக்குறணை, மடவளை, கட்டுகஸ்தோட்டை போன்ற ஊர்களிலும் பல வீடுகளின் குசினியில் இரட்டைக் கதவுப் பெட்டிகள் நிற்கின்றன. சிலவற்றில் தண்ணீர் தானாக நிரம்பி, உறைந்து, கட்டிகளாகக் கூடையில் விழுகிறது. நோன்பு காலத்தில் பெரும் உதவிதான். ஆனால், ஒரு நாள் ஐஸ் நின்றுபோய், கதவின் முகப்பில் புரியாத ஆங்கில எழுத்துக்கள் ஒளிரும். திருத்துபவர் வந்து, “போர்ட் போய்விட்டது, மாற்ற வேண்டும்” என்று பெரிய தொகை ஒன்றைச் சொல்வார். உண்மையில் போர்ட்தான் போய்விட்டதா? இதைத்தான் நாம் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும்.

பெயர் கூப்பிடும் வகுப்பறை

வகுப்பில் ஆசிரியர் இடாப்பைத் திறந்து பெயர் கூப்பிடுகிறார். மாணவன் “ஹாழிர்” என்று சொல்ல வேண்டும். பதில் வராவிட்டால் இடாப்பில் ஓர் அடையாளம் விழும். அந்த அடையாளத்தை வைத்து, பிள்ளைக்குக் காய்ச்சலா, பஸ் தாமதமா, அல்லது வந்திருந்தும் தொண்டை அடைத்துவிட்டதா என்று யாரால் சொல்ல முடியும்?

குளிர்சாதனப் பெட்டியின் கதையும் இதுவே. முதுகுப் பக்கத்திலுள்ள பிரதான போர்ட்தான் ஆசிரியர். முகப்புத் திரையும், சில மாதிரிகளில் ஐஸ் இயந்திரமும், தமக்கென்று சிறு போர்ட் வைத்திருக்கும் மாணவர்கள். மெல்லிய வயர்கள் வழியாக இவை ஓயாமல் செய்தி பரிமாறுகின்றன. குறித்த நேரத்துக்குள் பதில் வராவிட்டால், “தொடர்பு இல்லை” என்ற குறியீடு தோன்றும். எந்தப் பாதையில் பேச்சு நின்றது என்பதை மட்டுமே அது சொல்கிறது. எந்தப் பாகத்தை வாங்க வேண்டும் என்று சொல்வதில்லை.

எழுத்துக்களைச் சரியாக வாசியுங்கள்

எல்லாக் குறியீடும் தொடர்புப் பிழையல்ல. எல்ஜீ பெட்டிகளில் ‘ஈஆர் சீஓ’ என்றால் பிரதான போர்டுக்கும் திரையின் போர்டுக்கும் இடையே பேச்சு நின்றுவிட்டது. ‘ஈஆர் ஐஎப்’ என்றால் ஐஸ் அறையின் விசிறியில் கோளாறு. சாம்சங் பெட்டிகளில் ‘ஓஎப் ஓஎப்’ என்று வந்தால் அது பழுதே அல்ல. கடையில் காட்சிக்கு வைக்கும் நிலைக்குப் பெட்டி மாறியிருக்கிறது. அந்த நிலையில் விளக்கு எரியும், ஆனால் குளிர் வராது. கைந்நூலில் சொன்னபடி பொத்தானை அழுத்தினால் பழைய நிலைக்கு வந்துவிடும்.

மாதிரிக்கு மாதிரி குறியீடுகள் மாறும். எனவே பெட்டியின் மாதிரி இலக்கத்தையும், திரையில் தெரியும் எழுத்துக்களையும் அப்படியே தாளில் எழுதி வையுங்கள். மின்சாரத்தைத் துண்டித்தால் அந்த எழுத்துக்கள் மறைந்துவிடலாம்.

வீட்டிலேயே செய்யக்கூடியவை

முதலாவது, ப்ளக்கைக் கழற்றிப் பத்து நிமிடம் பொறுத்து மீண்டும் போடுங்கள். குறியீடு மறைந்து திரும்ப வராவிட்டால், மின்சார ஏற்ற இறக்கத்தால் வந்த தற்காலிகத் தடுமாற்றமாக இருக்கலாம்.

இரண்டாவது, திரும்ப வந்தால் எப்போது வருகிறது என்று கவனியுங்கள். உடனே வந்தால், வயரோ போர்டோ நிரந்தரமாகப் பழுதடைந்திருக்கலாம். கதவைத் திறந்து மூடும்போது வந்து போனால், கீல் வழியாகச் செல்லும் வயரைச் சந்தேகிக்க வேண்டும். வருடக்கணக்கில் நாளுக்குப் பல முறை மடங்கி நிமிரும் வயர் உள்ளே அறுந்துபோவதுண்டு. சில மணி நேரம் கழித்து வந்தால், இணைப்பில் ஈரமோ பனியோ படிந்திருக்கக்கூடும்.

மூன்றாவது, மற்றப் பகுதிகள் குளிர்கின்றனவா என்று பாருங்கள். ப்ரீஸர் சுமார் கழிவு 18 பாகை செல்சியஸிலும், கீழ்ப் பகுதி 4 பாகை அளவிலும் இருந்தால் இறைச்சிக்கும் பாலுக்கும் ஆபத்தில்லை, அவசரமும் இல்லை. குளிர் முழுவதும் நின்றிருந்தால் கதவை அடிக்கடி திறக்காதீர்கள். மூடியே வைத்தால் கீழ்ப் பகுதி ஏறக்குறைய 4 மணி நேரமும், நிறைந்த ப்ரீஸர் ஏறக்குறைய 48 மணி நேரமும், பாதி நிறைந்தது 24 மணி நேரமும் குளிரைத் தாங்கும். குர்பான் இறைச்சி நிறைந்திருக்கும் நாட்களில் இந்தக் கணக்கு கைகொடுக்கும்.

நான்காவது, குறியீடு எதுவும் இல்லாமல் ஐஸ் மட்டும் வராவிட்டால் தண்ணீரைப் பாருங்கள். பல மாதிரிகளுக்குக் குறைந்தது 20 பீஎஸ்ஐ நீரழுத்தம் தேவை. பத்து மீற்றர் உயரத்திலுள்ள தாங்கியே சுமார் 14 பீஎஸ்ஐதான் தரும். நம் வீடுகளின் கூரைத் தாங்கி குசினிக்கு மேலே மூன்று, நான்கு மீற்றர்தான் இருக்கும். அப்படியானால் இயந்திரத்தில் பழுதில்லை. சிறு அழுத்தப் பம்பு ஒன்றுதான் தேவை.

ஐந்தாவது, ஐஸ் கூடை நிறைந்து இறுகிக் கிடக்கிறதா, ஐஸ் பொத்தான் தவறுதலாக அணைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் இது சாதாரணம்.

கத்தியால் மட்டும் பனியைக் குத்தாதீர்கள். இன்றைய பல பெட்டிகளில் ஆர் 600ஏ எனும் எரியக்கூடிய வாயு இருக்கிறது. குழாய் துளைபட்டால் பெட்டியும் போகும், உயிராபத்தும் வரும். பின்பக்கத்து மூடியையும் நீங்கள் கழற்ற வேண்டாம்.

மின்சாரமும் இடியும்

நம் நாட்டில் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். சவூதி அரேபியாவில் 60 ஹெர்ட்ஸ். அங்கிருந்து பெட்டி கொண்டுவர எண்ணும் குடும்பத்தார், 50 ஹெர்ட்ஸுக்கும் பொருந்தும் என்று அதன் பட்டியில் எழுதியிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்கமாட்டோம். 2025 பெப்ரவரி 9 அன்றும் நாடு முழுவதும் இருளில் மூழ்கியது. கரண்ட் போவதைவிட, திரும்பி வரும் வேளையில் ஏற்படும் அதிர்ச்சியே போர்டுகளுக்குப் பெரும் பகை. எனவே கரண்ட் போனதும் ப்ளக்கைக் கழற்றி, வந்து சில நிமிடங்கள் கழித்துப் போடுங்கள். அந்தத் தாமதத்தைத் தானாகவே தரும் பாதுகாப்புக் கருவிகளும் கடைகளில் உண்டு.

கண்டி மலைகளில் மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பின்னேரங்களில் இடி முழக்கம் அதிகம். வானம் கறுக்கும்போதே ப்ளக்கைக் கழற்றுவது நல்லது. மின்னல் அருகில் வந்த பிறகு அதைத் தொடாதீர்கள். பெட்டியின் பின்புறத்தையும் சுத்தமாக வைத்திருங்கள். எறும்பும் பல்லியும் போர்டில் ஏறினாலும், எலி வயரைக் கடித்தாலும் இதே குறியீடு வரலாம்.

திருத்துபவர் வந்தால்

வீட்டு ஆண்களோ மஹ்ரமான உறவினரோ இருக்கும் நேரத்துக்கு அவரை அழையுங்கள். நீங்கள் எழுதிவைத்த தாளை அவரிடம் கொடுங்கள். பிறகு மூன்று கேள்விகள் கேளுங்கள்: “இணைப்புகளைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டிப் பார்த்தீர்களா? வயர் அறுந்திருக்கிறதா என்று மீற்றர் வைத்துப் பார்த்தீர்களா? போர்டிலிருந்து ஐஸ் இயந்திரத்துக்குப் போக வேண்டிய வோல்ட்டு போகிறதா?” இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்த பிறகே போர்ட் மாற்றும் பேச்சு வர வேண்டும்.

மாற்றத்தான் வேண்டுமென்றால், புதிய போர்டின் இலக்கம் உங்கள் மாதிரிக்குரியதா என்று ஒப்பிடுங்கள். பொருந்தாத போர்டைப் பூட்டினால் அதே குறியீடு மீண்டும் வரும். கழற்றிய பழைய பாகத்தையும், உத்தரவாதம் குறித்த எழுத்து மூலமான பில்லையும் கேட்டு வாங்குங்கள். உத்தரவாதக் காலம் முடியாதிருந்தால் வெளியாளைக் கொண்டு திறக்கவே வேண்டாம்.

நேர்மையான திருத்துபவர் இக்கேள்விகளால் கோபப்படமாட்டார். அவருடைய வேலை இதனால் இலேசாகும். ஒரு சிறு வயர் இணைப்பைச் சுத்தம் செய்தால் முடியக்கூடிய காரியத்துக்காகப் பிள்ளைகளின் படிப்புக்கென்று சேர்த்த காசு போவதும், நல்ல பெட்டி ஒன்று பழைய இரும்புக் கடைக்குப் போவதும் வீண்விரயமல்லவா? இந்தப் பக்கத்தை வெட்டிப் பெட்டியின் கைந்நூலுக்குள் வைத்துவிடுங்கள். உங்களுக்கு இல்லாவிட்டாலும் பக்கத்து வீட்டு உம்மாவுக்கு ஒரு நாள் பயன்படும்.